பத்திரத்தில் நகரத்தின் பெயர். கடனைத் தீர்ப்பதோ கல்லூரி

ஒரு கடன்பத்திரத்தின் முகப்பில் அரசு சார்ந்த அமைப்பின் பெயரைக் கண்டவுடன், அப்பணத்திற்கு அரசே பொறுப்பு என நம்மில் பலரும் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் எல்லாப் பத்திரங்களுக்கும் பொருந்தாது. அமெரிக்க நகரங்கள் தனியார் கல்லூரிகளுக்காக வெளியிடும் பத்திரங்கள் இதற்கு நல்ல சான்று.

ஏற்பாடு என்ன?

அங்கு இலாப நோக்கற்ற கல்லூரி ஒன்று விடுதியோ நூலகமோ கட்ட விரும்பினால், நகரமோ நகரம் அமைத்த வளர்ச்சி வாரியமோ தன் பெயரில் பத்திரம் வெளியிட்டு, திரண்ட தொகையைக் கல்லூரிக்குக் கடனாக அளிக்கலாம். அசலையும் வட்டியையும் செலுத்த வேண்டியது கல்லூரியே. பொதுவாக நகரத்தின் வரிப்பணம் ஈடாக வைக்கப்படுவதில்லை. வட்டி வருவாய்க்குக் கூட்டரசின் வருமானவரி விலக்கு உண்டு என்பதால் முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கு இசைகிறார். 10 கோடி டாலர் கடனில் வட்டி 1 சதவீதம் குறைந்தால், முதலாண்டில் மட்டும் 10 லட்சம் டாலர் மிச்சமாகும்.

சட்டச் சிக்கல் எங்கே?

இவ்வரிவிலக்கைப் பெறுவதற்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபின், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமோ பதவியாளரோ ஒப்புதல் அளிக்க வேண்டும். கல்லூரி ஒரு சமயம் சார்ந்ததாயின் மன்றத்தின் முன் கடினமான கேள்வி எழும். அரசு எச்சமயத்தையும் நிறுவலாகாது என்கிறது அந்நாட்டு அரசமைப்பின் முதல் திருத்தம். பத்திரம் வெளியிடுவது சமயத்திற்கு அரசு செய்யும் உதவியாகுமா?

1973 இல் தென் கரோலினா மாநிலத்தின் பாப்டிஸ்ட் கல்லூரி ஒன்றைப் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் அத்தகைய ஏற்பாட்டை ஏற்றது. கட்டடங்களை வழிபாட்டிற்கோ சமயபோதனைக்கோ பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தது.

ஆயினும் கேள்வி ஓயவில்லை. நாஷ்வில் நகரின் தொழில் வளர்ச்சி வாரியம் 1990 இல் டேவிட் லிப்ஸ்கம்ப் பல்கலைக்கழகத்திற்காக 1.5 கோடி டாலர் பத்திரம் வெளியிட்டது. வரி செலுத்துவோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2000 இல் மாவட்ட நீதிமன்றம் வாரியத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2002 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. வெளியீட்டிற்கும் இறுதி விடைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தன.

மன்றம் எடைபோடுவன

கடனைத் தீர்க்கும் பொறுப்பு முழுவதும் கல்லூரியினுடையது என ஆவணம் தெளிவாகக் கூறுகிறதா? கட்டடப் பயன்பாட்டுக்கு வரம்பு உண்டா? சமயம் சாராத கல்லூரிகளுக்கும் இதே வாய்ப்பு உண்டா? வழக்கு வந்தால் செலவை யார் ஏற்பார்? இவற்றுக்கு விடை கிடைத்து, பத்திரச் சட்ட வல்லுநரின் எழுத்துமூலக் கருத்துரையும் கைக்கு வந்தபின் வாக்களிப்பதே விவேகம்.

நமக்கு உரியது

நம் நாட்டில் 1998 இல் அகமதாபாத் மாநகராட்சி, மாநில அரசின் உத்தரவாதமின்றி 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. அங்கே கடன் வாங்கியதும் தீர்க்க வேண்டியதும் மாநகராட்சியே. நகராட்சிப் பத்திரங்களுக்கெனச் செபி 2015 இல் விதிமுறைகளை வகுத்துள்ளது.

எப்பத்திரமாயினும் சலுகை ஆவணத்தில் மூன்றைத் தேடிப் படியுங்கள்: பணத்தைத் திருப்பித் தருபவர் யார், எந்த வருவாயிலிருந்து தருவார், அவர் தவறினால் வேறு எவரேனும் பொறுப்பேற்பாரா. வட்டி விகிதத்தை அதன் பின்னர்ப் பார்க்கலாம்.