வாளித் தண்ணீரும் வழுக்கும் குழந்தையும்

குழந்தை வளர்ப்பைப் பற்றிய மேலைநாட்டுப் புத்தகங்களில் குளியல் என்றாலே ஒரு தொட்டி இருக்கும். அதில் வெதுவெதுப்பான தண்ணீர், தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தை. நம் ஊரில் புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளில்கூட அப்படியொரு தொட்டி அபூர்வம். கிணற்றடியிலும், ஒண்டுக் குடித்தனத்து முற்றத்திலும், இருவர் சேர்ந்து நிற்க முடியாத பாத்ரூமிலும் வாளியும் மக்குமாகத்தான் நம் குழந்தைகள் குளித்து வளர்கிறார்கள். தொட்டி வாங்க முடியவில்லையே என்று இளம் பெற்றோர் சிலர் வருந்துவதைக் கேட்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீர் தாராளம். ஆனால் வாளிக் குளியலுக்கென்று சில விதிகள் உண்டு. அவற்றைத் தொட்டிப் புத்தகங்கள் சொல்லித் தருவதில்லை.

முதல் விதி குளிரைப் பற்றியது. தொட்டியில் கழுத்துவரை தண்ணீருக்குள் இருக்கும் குழந்தையின் தோல் காற்றைத் தொடுவதில்லை. தண்ணீர் சூடாக இருக்கும்வரை அதுவும் சூடாக இருக்கும். வாளிக் குளியலில் ஒரு மக் ஊற்றியதற்கும் அடுத்த மக் ஊற்றுவதற்கும் நடுவே நனைந்த உடல் காற்றில் நிற்கிறது. தோலின் மேல் படிந்த தண்ணீர் ஆவியாகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியைத் தருவது குழந்தையின் உடல்தான். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் மேலிருந்து வெறும் 10 மில்லி தண்ணீர், இரண்டு தேக்கரண்டி அளவு, முழுக்க உடல் சூட்டிலேயே ஆவியானால் அந்த உடலின் வெப்பம் கணக்குப்படி முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இறங்க வேண்டும். உடல் தன் பங்குக்கு வெப்பத்தை உண்டாக்கி ஈடுகட்டுவதால் அந்த அளவுக்கு இறங்காது. ஆனால் உதடு நடுங்குவதும் உடம்பு புல்லரிப்பதும் அந்தப் போராட்டத்தின் அடையாளங்கள்.

பெரியவர்களுக்கும் இதே தண்ணீர், இதே காற்றுதானே என்று கேட்கலாம். அளவு வேறு. பத்துக் கிலோ குழந்தையின் தோல் பரப்பு சுமார் அரைச் சதுர மீட்டர். அறுபது கிலோ பெரியவருக்கு ஒன்றரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல். எடையோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு கிலோவுக்கும் குழந்தைக்கு நம்மைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தோல் இருக்கிறது. வெப்பம் வெளியேறும் வாசல் அவ்வளவு அகலம். அந்தத் தோலில் தலையின் பங்கைப் பாருங்கள். தீக்காய மருத்துவத்தில் பயன்படும் லண்ட்–பிரவுடர் அட்டவணைப்படி, வளர்ந்தவரின் உடல் பரப்பில் தலை 7 சதவீதம். ஒரு வயதுக் குழந்தைக்கு 17 சதவீதம்.

நம் பாட்டிமார் இந்த அட்டவணையைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் கையாண்ட வரிசை இதற்குப் பொருந்தி வருகிறது. முதல் மக் தண்ணீர் பாதத்தில். பிறகு முழங்கால், இடுப்பு, முதுகு, தோள். தலைக்குக் கடைசியில்தான். துவட்டும்போது மட்டும் வரிசை தலைகீழ், தலைதான் முதலில். தலை நனைந்திருக்கும் நேரம் அப்படிக் குறைகிறது. ஈரத் தலையினாலேயே சளி பிடித்துவிடும் என்பது மட்டும் சரியல்ல. சளிக்குக் காரணம் வைரஸ். குழந்தை குளிரில் வாடாமல் இருக்கத்தான் இந்த அவசரம். மார்கழிக் காலையிலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவைப் பக்கத்திலும் தண்ணீர் வேகமாக ஆவியாகும். சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவு வேகம் இருக்காது. எந்த ஊரானாலும் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு, துண்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. பழகி மெலிந்த பருத்தித் துண்டு போதும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

முதல் தண்ணீரைப் பாதத்தில் ஊற்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மூக்கையும் நெற்றியையும் சுற்றித் திடீரென்று தண்ணீர் பட்டால், குறிப்பாகக் குளிர்ந்த நீர் பட்டால், முகத்து நரம்பு வழியாகச் செய்தி மூளைக்குப் போய் மூச்சு ஒரு கணம் நிற்கும், இதயத் துடிப்பு தணியும். பாலூட்டிகள் எல்லாவற்றிடமும் உள்ள முக்குளிப்பு அனிச்சை இது. கைக்குழந்தைகளிடம் வலுவாக இருக்கும், வளர வளரக் குறையும். இரண்டு வயதுக் குழந்தை தலைக்கு ஊற்றும்போது வீறிட்டு அழுவதை வெறும் அடம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வந்து மூச்சை அடைக்கும் தண்ணீர் அது. மணையில் உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே குழந்தையை நிற்கவைத்து, நம் முழங்காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இடது உள்ளங்கையை அதன் நெற்றியில் அணைபோல் வைத்து, பிடரிப் பக்கமாக மெல்ல ஊற்றினால் முகத்தில் தண்ணீர் வராது. ஊற்றப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்வது பாதி அழுகையைக் குறைக்கும். எண்ணெய் தேய்த்த குழந்தை கையை விட்டு நழுவும் என்பதால் இந்த முழங்கால் பிடிமானம் இன்னும் அவசியம்.

அடுத்தது வெந்நீர். தண்ணீரை விளாவும்போது வாளியில் பச்சைத் தண்ணீர் முதலில், கொதிநீர் பிறகு. மாற்றிச் செய்தால், நாம் குழாயைத் திறக்கப் போன இடைவெளியில் வெறும் கொதிநீர் வாளி குழந்தையின் முன்னால் இருக்கும். ஹார்வர்டில் மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் 1947இல் வெளியிட்ட ஆய்வுகள் இன்றும் தீக்காய மருத்துவத்தின் அடிப்படை. 49 டிகிரித் தண்ணீர் பெரியவர் தோலைச் சுட்டுப் புண்ணாக்கப் பல நிமிடங்கள் ஆகும். 60 டிகிரியில் சில நொடிகளே போதும். குழந்தைக்கு இன்னும் குறைவு, ஏனென்றால் அதன் தோல் மெல்லியது. 6 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளையும் அவர்களின் தாய்மாரையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், தோலின் மேலடுக்கு குழந்தைகளிடம் சுமார் 30 சதவீதம் மெலிந்திருந்தது.

நமக்கு வேண்டியது 37, 38 டிகிரி. குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் இருக்கும் நாளில் ஒரு மக் கொதிநீருக்கு ஆறு மக் பச்சைத் தண்ணீர் கலந்தால் கணக்கு சரியாக வரும். ஊட்டிக் குளிரில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரியாக இருந்தால் மூன்று மக் கூட வேண்டியதில்லை. ஆகவே பழகிய அளவை நம்பி வெளியூரில் விளாவக் கூடாது. சூடான நீர் எடை குறைந்தது, மேலே மிதக்கும். அடிவரை கலக்கிவிட்டு முழங்கையை வைத்துப் பாருங்கள். நாள் முழுக்கச் சுடுபாத்திரம் பிடித்துப் பழகிய உள்ளங்கை பொய் சொல்லும். கம்பி ஹீட்டர் போட்டு வாளியிலேயே தண்ணீர் காய்ச்சும் வீடுகளில், ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிக் கம்பியை வெளியே எடுத்து வைத்த பிறகே குழந்தையை உள்ளே அழைக்க வேண்டும்.

சோப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். 5 அல்லது 5.5. சாதாரணக் குளியல் சோப்பு 9, 10. தோலைக் காக்கும் கொழுப்பை அது கழுவிக்கொண்டு போய்விடும். போர்வெல் தண்ணீர் இருக்கும் வீடுகளில் சிக்கல் அதிகம்: அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவமாகி, எவ்வளவு ஊற்றினாலும் தோலை விட்டுப் போகாமல் அரிப்பைக் கொடுக்கும். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, டயப்பர் கட்டும் இடம், இங்கெல்லாம் கொஞ்சம் சோப்பு. மற்ற இடத்துக்குத் தண்ணீரே போதும். நன்றாகச் சலித்த பயத்தமாவும் நல்லதே. தண்ணீர் மிகக் குறைவான நாளில் ஈரத்துணி கொண்டு துடைத்துவிடலாம்: முகத்தில் தொடங்கி, டயப்பர் பகுதியில் முடிக்க வேண்டும். பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால் துடைப்பது முக்கியம்.

ஒன்றை மட்டும் அடியோடு நிறுத்தியாக வேண்டும். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது. தண்ணீர் புரையேறினால் இருமல் வரும். எண்ணெய் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி, எண்ணெய் நிமோனியா என்று மருத்துவர்கள் சொல்லும் நோயைக் கொண்டுவரும். அன்பினால் செய்யும் காரியம் என்பதால் பாட்டியிடம் மறுத்துச் சொல்வது கடினம்தான், ஆனாலும் சொல்லிவிட வேண்டும். வீசிங் உள்ள குழந்தைக்குச் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து அந்த வாளியேதான். உலகெங்கும் நீரில் மூழ்கி இறப்பவர்களில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் விகிதமே அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு, ஏரி, குளம் என்றுதான் நம் மனம் ஓடும். 1980களின் இறுதியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஐந்து கேலன் வாளிகளைப் பற்றி எச்சரிக்கத் தொடங்கியது. ஐந்து கேலன் என்பது 19 லிட்டர். பெயின்ட் தீர்ந்த பிறகு நம் பாத்ரூமுக்கு வந்து சேரும் 20 லிட்டர் வாளியும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டு வயதில் தலை மட்டுமே உடல் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். மிதக்கும் மக்கை எட்டிப் பிடிக்க விளிம்பில் குனியும் குழந்தைக்கு எடை முன்பக்கம் சாய்கிறது. தலைகீழாக விழுந்தால் தன்னைத் தூக்கிக்கொள்ளும் வலு அந்தக் கைகளுக்கு இல்லை. தண்ணீரின் கனத்தால் வாளியும் கவிழாது. முகம் மூழ்கியிருப்பதால் சத்தமும் வெளியே வராது. அடியில் சில அங்குலத் தண்ணீர் கிடந்தாலே போதும்.

எனவே துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கும்போதே மிச்சத் தண்ணீரைக் கொட்டி வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். பாதிக் குளியலில் போன் அடித்தாலும், அடுப்பில் பால் பொங்கினாலும் குழந்தையையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அண்ணனையோ அக்காவையோ காவல் வைத்துவிட்டுப் போகக் கூடாது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டபோது சென்னை வீடுகளில் டிரம்மும் குடமுமாகத் தண்ணீர் சேர்த்து வைத்தார்கள். கொட்டிவிடச் சொன்னால் அப்படிப்பட்ட வீட்டில் யாருக்கும் மனம் வராது, நியாயம்தான். அங்கே வாளிக்கும் டிரம்முக்கும் குழந்தையால் திறக்க முடியாத இறுக்கமான மூடி வேண்டும். பாத்ரூம் கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் பெரியவர்களின் தோள் உயரத்தில் இருக்க வேண்டும்.