பதின்மூன்று மாத தேசத்தில் முதலீடு

சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பாட்டனார் எவரேனும் இன்று எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் போய் இறங்கினால், நம்மைப்போல் திகைத்து நிற்கமாட்டார். நமது காலை ஏழு மணியே அங்கு ஒரு மணி. வருஷத்துக்கு 13 மாதங்கள், அவற்றில் கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாட்கள்தாம்; பஞ்சாங்கமும் நம் ஆங்கில வருஷத்துக்கு ஏழெட்டாண்டு பிந்தியது. பேருந்து ஒன்பது மணிக்கு என்று யாராவது சொன்னால், எந்த ஒன்பது என்று கேட்டுக்கொள்வது விவேகம்.

மாமல்லபுரத்து ரதங்களைக் கண்டு பழகிய கண்களும் லாலிபெலாவில் சற்று அயர்ந்துதான் போகும். பாறையைக் குடைந்தெடுத்த 11 தேவாலயங்களுள் புனித ஜார்ஜ் ஆலயத்தின் கூரை நம் காலடித் தரையின் மட்டத்தில் சிலுவை வடிவாய்க் கிடக்க, ஆலயமோ ஆழத்தில் நிற்கிறது. வடக்கே மூண்ட பெரும் யுத்தம் 2022இல் உடன்படிக்கையோடு ஓய்ந்ததாயினும், லாலிபெலா அடங்கிய அம்ஹாரா பிரதேசத்தில் கலகம் தீராமையால், புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம். காபிப் பிரியருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமுமில்லை. பச்சைக் கொட்டையை எதிரிலேயே வறுத்து, சாம்பிராணிப் புகைக்கு நடுவே, ஜெபெனா என்னும் மண்கூஜாவிலிருந்து மூன்று சுற்று வார்த்துத் தரும் உபசாரம் எந்த ஊரிலும் கிடைக்கும்.

இனி, பணத்தோடு போகிறவர் விஷயம். ஜனத்தொகை 12 கோடிக்கு மேல். ஜிபூட்டித் துறைமுகத்துக்கு மின்சார ரயில். நீல நைலின் குறுக்கே, குடிமக்கள் வாங்கிய கடன்பத்திரங்களின் துணையோடு கட்டி 2025இல் திறக்கப்பட்ட 5,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட அணை. இவற்றைக் கண்டு மயங்காத முதலாளி யார்? என் கவலையோ வேறு. லாபம் சம்பாதிப்பது ஒரு வித்தை, சம்பாதித்ததை ஊருக்குக் கொண்டுவருவது முற்றிலும் வேறொரு வித்தை. அந்நியச் செலாவணிப் பஞ்சத்தில் ஆண்டுக்கணக்காக இறுகிக் கிடந்த அந்நாட்டில், 2024 ஜூலையில் பிர் நாணயத்தைச் சந்தையின் போக்குக்கு விட்டபோது, டாலருக்கு 57 பிர் என்றிருந்த மதிப்பு சில வாரங்களிலேயே நூறைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பே 57 லட்சம் பிர் லாபம் ஈட்டி, டாலராக மாற்ற வழியின்றி வங்கியில் போட்டுவைத்தவர், ஒரு லட்சம் டாலர் என்று நம்பியிருந்தது 57,000க்கும் கீழே போயிற்று.

சந்தைக்கு விட்டதே சரியான மருந்து என்பர் நிபுணர், இருக்கலாம். 2024 டிசம்பரில் அந்நிய வங்கிகளுக்குக் கதவைத் திறந்து சட்டமும் இயற்றினார்கள். ஆயினும் மேட்டு நிலத்தில் ரோஜா வளர்த்து ஐரோப்பாவுக்கு விமானத்தில் அனுப்புகிறவருக்கு விலையே அந்நிய நாணயத்தில் வருகிறது. உள்ளூருக்குச் சோப்புக் காய்ச்சி பிரில் விற்கிறவரோ, லாபத்தை வெளியே எடுப்பதற்கு முன், எண்ணெய் இறக்குமதிக்கே டாலர் கேட்டு வங்கி வாசலில் நிற்கவேண்டும்.