ஊர்திவழிச் சுற்றுலாவும் தோட்டத் தமிழர் வரலாறும்: ரிங்லெட் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, தனி ஊர்தியில் ஒரு பழம்பதியைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் இன்று பரவலாகியுள்ளது. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற மலாக்கா, ஜார்ஜ் டவுன் ஆகிய நகரங்களில் இவ்வகைச் சுற்றுலா நன்கு வேரூன்றியது. கோட்டை, கோயில், வணிகர் மனை எனக் கட்டடங்களே அங்கு வரலாற்றைச் சொல்லும் சான்றுகள். வழிகாட்டி சொல்லத் தவறினாலும் கல்வெட்டோ அறிவிப்புப் பலகையோ ஓரளவு சொல்லிவிடும்.

தோட்டப்புற வரலாற்றின் நிலை வேறு. காட்டை அழித்துச் செடி நட்டவர்கள் தம் பெயரைக் கல்லில் பொறித்துச் செல்லவில்லை. எனவே, வழிகாட்டியின் சொல்லில் இடம்பெறாத செய்தி பயணியின் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தென்வாயிலாகிய ரிங்லெட்டையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் முன்வைத்து, ஊர்திவழிச் சுற்றுலா எவற்றைக் காட்டுகிறது, எவற்றைக் கடந்து செல்கிறது, தமிழாசிரியர் இப்பயணத்தை எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வழியும் அதன் பின்புலமும்

பேராக்கின் தாப்பா நகரிலிருந்து புறப்படும் மலைச்சாலையே கேமரன் மலைக்கான பழைய வழி. இஸ்கந்தர் நீர்வீழ்ச்சியையும் செமாய் பூர்வகுடியினரின் சாலையோரக் கடைகளையும் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் இச்சாலையில் முதலில் எதிர்ப்படும் மலைநகர் ரிங்லெட். அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் தானா ராத்தாவும், அதற்கு அப்பால் பிரிஞ்சாங்கும் அமைந்துள்ளன. பிற்காலத்தில் சிம்பாங் பூலாய் வழியே வடக்கிலிருந்து மற்றொரு சாலை திறக்கப்பட்டபின் ரிங்லெட்டைக் காணாமலே மலைக்கு வந்துசெல்வோர் மிகுந்தனர். எனினும் தோட்ட வரலாற்றை அறிய விழைவோர்க்குத் தாப்பா வழியே பொருத்தமானது. தேயிலை இம்மலைக்கு வந்த வழியும் அதுவே.

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885ஆம் ஆண்டு இம்மலைப் பகுதிக்கு வந்து அதுபற்றிக் குறிப்பெழுதினார். மலை அவர் பெயரைப் பெற்றது. அவருடன் வந்த கூலோப் ரியாவ் என்பவரின் பெயர் சில நூல்களில் மட்டுமே காணப்படுகிறது. 1925ஆம் ஆண்டு சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து சென்றபின், இதனை மலைவாழிடமாக்கும் திட்டம் உருப்பெற்றது. 1930களின் தொடக்கத்தில் தாப்பாச் சாலை முடிவுற்றது.

1929ஆம் ஆண்டு ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை பயிரிட்ட பட்டறிவுடைய மில்ன் என்பவரைத் துணைக்கொண்டு, ஹாபுவை அடுத்து 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டு ரசல் மறைந்தார். அதே ஆண்டில் வடஇந்தியாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தினர் பாரத் தேயிலை நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் வழியிலேயே அத்தோட்டத்தைக் காணலாம்.

சொல்லப்படுவனவும் விடப்படுவனவும்

மலேசியாவில் பயணவழிகாட்டிகள் 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில்துறைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெறவேண்டும். பொதுவான வழிகாட்டிக்கு நீலச் சின்னமும், குறிப்பிட்ட இயற்கை அல்லது பண்பாட்டு இடங்களுக்குரிய வழிகாட்டிக்குப் பச்சைச் சின்னமும் வழங்கப்படுகின்றன. கேமரன் மலையில் வேன், மகிழுந்து ஆகியவற்றோடு பழைய லேண்ட்ரோவர் வண்டிகளும் இத்தொழிலில் ஓடுகின்றன. அரைநாள் பயணத்தில் தேயிலைத் தோட்டம், பிரிஞ்சாங் மலைமுகட்டுப் பாசிக்காடு, செம்புற்றுப்பழத் தோட்டம், காய்கறிச் சந்தை ஆகியன பெரும்பாலும் இடம்பெறும்.

வண்டியில் சொல்லப்படும் வரலாற்றில் மூன்று பெயர்கள் தவறாமல் வரும். மலையைக் குறித்தெழுதிய கேமரன், தேயிலை நட்ட ரசல், 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் தானா ராத்தாவை அடுத்த மாளிகையிலிருந்து நடக்கச் சென்று காணாமற்போன தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் ஆகியோரே அம்மூவர். அவர்களைப் பற்றிய செய்திகள் சுவையானவை, உண்மையானவையும்கூட. ஆயினும், மலைச்சரிவு முழுவதும் செடி நட்டவர், பல்லாண்டுகளாகக் கொழுந்து கிள்ளியவர், ஆலையில் இலை வாட்டியவர் ஆகியோர் இவ்வுரையில் 'இந்தியத் தொழிலாளர்' என்னும் ஒற்றைத் தொடருக்குள் அடங்கிவிடுகின்றனர்.

இதற்கு வழிகாட்டியை மட்டும் குறைகூறுதல் தகாது. நேரம் குறைவு, பயணி கேட்பது படம் எடுக்கத்தக்க இடம், படித்தறிய எளிய நூல்களும் குறைவு. வழிகாட்டிக்கு வேண்டிய செய்திகளைத் தமிழ்த்துறையினரும் தமிழாசிரியரும் தொகுத்து அளிக்காதவரை இவ்வெற்றிடம் நிரம்பாது என்பது எம் கருத்து.

தொழிலாளர் வந்த காலச் சூழல்

இம்மலைத் தோட்டங்களின் காலத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. எனவே, 1929க்குப் பின் தோன்றிய கேமரன் தேயிலைத் தோட்டங்களை ஒப்பந்தக் கூலிமுறையின் நேர்விளைவாகக் காட்டுவது பொருந்தாது. அப்போது நடைமுறையில் இருந்தது கங்காணி முறையும், 1907ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியின் துணையோடு நிகழ்ந்த குடிபெயர்வும் ஆகும். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கிக் கப்பலேறிய தமிழர் வழியாகவே மலாயாவின் தோட்டங்கள் ஆள்பலம் பெற்றன.

மேலும், போ தோட்டம் தொடங்கிய ஆண்டே உலகப் பொருளாதார மந்தமும் தொடங்கியது. இரப்பர் விலை வீழ்ந்தது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தாழ்நிலத்தில் தோட்டங்கள் ஆள்குறைப்புச் செய்த அதே காலத்தில் மலையில் புதிய தோட்டம் ஆள் வேண்டி நின்றது. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் உதவிபெற்று மலாயாவுக்குச் செல்வதைத் தடைசெய்தது. அதன்பின் தோட்டங்கள் இங்கிருந்த குடும்பங்களையே பெரிதும் நம்பவேண்டியதாயிற்று. தற்காலிகமாக வந்தவர்கள் நிலைத்த குடிகளாயினர், லயங்கள் ஊர்களாயின, கோயிலும் பள்ளியும் எழுந்தன.

பள்ளியின் தோற்றத்திற்குச் சட்டமும் காரணமாகும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளிசெல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என விதித்தது. இன்று ரிங்லெட்டிலும் போ தோட்டத்திலும் நாம் காணும் தமிழ்ப்பள்ளிகளை இந்த நீண்ட மரபின் தொடர்ச்சியாகவே நோக்கவேண்டும். வண்டி அப்பள்ளிகளைக் கடந்து செல்லும்போது ஓரிரு நிமிடம் நிறுத்தி இவ்வரலாற்றைச் சொல்வதற்குத் தனிச் செலவேதும் இல்லை.

சொற்களே சான்றுகள்

கட்டடச் சான்று குறைந்த இடத்தில் சொற்சான்று கைகொடுக்கிறது. 'தேயிலை' என்னும் சொல்லின் முற்பகுதி சீனத்தின் பூக்கியன் பகுதியில் வழங்கும் 'தே' என்பதாகும். மலாய் மொழியின் 'தே'யும் அதுவே. 'போ' என்னும் தோட்டப் பெயர், சீனத்தின் வூயி மலையைக் குறித்து ஐரோப்பிய வணிகர் வழங்கிய 'போகீ' என்பதன் சுருக்கம் என நிறுவனத்தார் விளக்குகின்றனர். ஆகவே, பயிரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் ஒரே சீன மாநிலத்துப் பேச்சுவழக்கிலிருந்து இருவேறு வழிகளில் இம்மலைக்கு வந்தவை எனலாம்.

தோட்ட வாழ்வின் பிற சொற்களும் இவ்வாறே பல திசையின. வரிசை வீடுகளைக் குறித்த ஆங்கிலச் சொல் தமிழர் நாவில் 'லயம்' ஆயிற்று. மாறாக, 'கண்காணி' என்னும் தமிழ்ச்சொல் 'கங்காணி' ஆகி ஆங்கில ஆவணங்களில் ஏறியது. எழுத்தரைக் குறிக்கும் 'கிராணி' வடஇந்திய வழக்கிலிருந்து வந்தது. மேலாளரைக் குறிக்கும் 'துரை'யோ தமிழர் தாமே இட்ட பெயர். இச்சொற்களை வரிசைப்படுத்தினால், யார் ஆண்டனர், யார் கணக்கெழுதினர், யார் உழைத்தனர் என்னும் அடுக்குமுறை தானே விளங்கும். மாணவர்க்கு இதனினும் எளிய வரலாற்றுப் பாடம் அமைவது அரிது.

தொழில்முறையும் மாற்றமும்

சுற்றுலாவில் தேயிலை ஆலையைக் காணுதல் சுவையான பகுதி. பறித்த கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டி நசுக்கப்பட்டு, காற்றுப்பட்டு நிறம் மாறி, வெப்பத்தில் உலர்த்தப்பட்டு, பின் தரம் பிரிக்கப்படுகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோகிராம் தேயிலைத்தூள் கிடைக்கிறது. இவ்விகிதத்தைப் பயணிகளுக்குச் சொல்லும்போது, எடைக்கேற்பக் கூலிபெற்ற ஒருவரின் உழைப்பும் உடன் விளங்கும்.

முதுகில் கூடை சுமந்து இரு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் பெண்ணின் உருவம் விளம்பரங்களில் நிலைத்துவிட்டது. சரிவுகளில் இன்று காணப்படுவது பெரும்பாலும் வெட்டுக் கத்தரியும் இருவர் சேர்ந்து பிடிக்கும் பறிப்பு இயந்திரமுமே. பிடிப்பவர்களுள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர். தமிழ்க் குடும்பங்களின் இளையோர் கல்வி கற்று நகரங்களுக்குப் பெயர்ந்துள்ளனர். இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும், தோட்ட வீடு வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் வீடும் கைவிடப்படும். முதியோர் இடம்பெயரும்போது அவர்தம் நினைவுகளும் சிதறுகின்றன. 150க்கு மேற்படாத மாணவரைக் கொண்ட பள்ளிகளைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளிகள் என வகைப்படுத்துகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுள் பல இவ்வகையைச் சார்ந்தன. இவ்வரலாற்றைப் பதிவுசெய்யக் கிடைத்துள்ள காலம் குறுகியது என்பதையே இவை உணர்த்துகின்றன.

அணையும் பள்ளத்தாக்கும்

ரிங்லெட்டை அடுத்துள்ள ஏரியைப் பயணிகள் இயற்கை எழிலாகவே காண்கின்றனர். அது 1963ஆம் ஆண்டு முற்றுப்பெற்ற சுல்தான் அபு பக்கார் அணையால் உருவான நீர்த்தேக்கம். அதன் நீர் குகைவழியே சென்று பேராக் பக்கத்தில் மின்னாற்றலாகிறது. மேற்சரிவுகளில் காய்கறி, பூ வேளாண்மைக்காக நிலம் திறக்கப்பட்டதால் மண் அரித்து வந்து நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின், பெருமழையால் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளக்காடாகி உயிரிழப்பும் நேர்ந்தது. மலையின் மேலே நிகழும் நிலமாற்றம் கீழே வாழ்வோரை எவ்வாறு தாக்குகிறது என்பதை ஒரே நிறுத்தத்தில் விளக்கத்தக்க இடம் இது.

ஆசிரியர்க்குரிய பயண ஒழுங்கு

இப்பயணத்தைப் புறப்பாட நடவடிக்கையாக மேற்கொள்ளும் ஆசிரியர், வழிகாட்டியிடம் முன்னரே பேசி நிறுத்தங்களை வகுத்துக்கொள்ளுதல் நன்று. ரிங்லெட் நகர், அணைக்கரை, ஹாபு சந்தி, போ தோட்டத்துப் பள்ளியும் கோயிலும், ஆலை, பாரத் தோட்டக் காட்சிமுனை என்னும் ஆறு நிறுத்தங்கள் ஒரு பகலுக்குப் போதுமானவை. போ தோட்டச் சாலை மிகக் குறுகியதாதலால் பெரும் பேருந்தைத் தவிர்த்துச் சிற்றூர்திகளில் செல்லவேண்டும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் மலைச்சாலை நெரிசல் மிகும்; வாரநாளே ஏற்றது. பள்ளிக்கும் நிருவாகத்திற்கும் முன்கூட்டியே கடிதம் எழுதி ஒப்புதல் பெறுதல் கட்டாயம்.

லயங்கள் மக்கள் வாழும் வீடுகள். இசைவின்றி வாயிலில் நின்று படமெடுத்தலும் உழைப்போரைக் காட்சிப் பொருளாக்குதலும் தகா. முதியவர் ஒருவர் பேச இசைந்தால், அவர் சொல்வதை அவருடைய வழக்குச் சொற்களிலேயே பதிவுசெய்து, அதன் படியொன்றை உள்ளூர்ப் பள்ளியில் வைக்கவேண்டும். எடுத்துச் செல்வதோடு நில்லாமல் திருப்பிக் கொடுத்தலும் ஆய்வு நெறியே.

இலங்கையில் கம்பளைக்கு அருகே, பழைய லயன் அறைகளிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்கென ஓர் அருங்காட்சியகம் 2007ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. தொழிலாளர் புழங்கிய பொருள்களே அங்குச் சான்றாக வைக்கப்பட்டுள்ளன. பெருஞ்செலவில்லாத இம்முயற்சி, கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஓர் அறை அளவிலேனும் பின்பற்றத்தக்கது.

முடிவுரை

ஊர்திவழிச் சுற்றுலா விரைவானது. எனவே மேலோட்டமானது என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், பெரும்பாலோர் ஓர் ஊரின் வரலாற்றை அறிய வாய்ப்பது இத்தகைய பயணத்தின் வழியேதான். ரிங்லெட் வழியில் ஓடும் வண்டிகள் பள்ளியையும் கோயிலையும் லயத்தையும் நாள்தோறும் கடந்து செல்கின்றன. புதிய சாலையோ புதிய கட்டடமோ தேவையில்லை. அவ்விடங்களில் சொல்வதற்குரிய சரிபார்த்த செய்திகள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு கையேடாக வழிகாட்டிகளைச் சென்றடைந்தால் போதும். அக்கையேட்டைத் தொகுக்கும் கடமை பல்கலைக்கழகத் துறைகளுக்கும் மலைப்பகுதித் தமிழாசிரியர்க்கும் உரியது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைத் தொடங்குதல் வேண்டும்.