ஏரிக்கரையில் கேன் தண்ணீர்

திருவள்ளூர்வாசிகளாகிய எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. சென்னை மாநகரத்தின் தாகத்தைத் தீர்க்கும் ஏரிகளில் ஒன்று எங்கள் ஊரிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதுதான் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம். 1939-இல் சென்னை மேயரான தீரர் சத்தியமூர்த்தி, நகரத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று அரும்பாடுபட்டுத் தொடங்கி வைத்த காரியம் அது. 1943-இல் அவர் காலமாகிவிட்டார். அணை 1944-இல் பூர்த்தியாயிற்று. தேங்கி நின்ற ஜலத்தை அவர் கண்ணால் காணவில்லை. அவருடைய பெயரை மட்டும் அந்த ஏரி தாங்கி நிற்கிறது.

பிறகு 1996-இல் கிருஷ்ணா நதியே வந்து சேர்ந்தது. ஆந்திராவிலுள்ள கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக ஓடி, ஊத்துக்கோட்டைக்கருகில் எல்லையைக் கடந்து, பூண்டிக்கு வருகிறாள் கிருஷ்ணவேணி. போதாதற்கு, 2020-இல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகையில் 500 மில்லியன் கன அடி கொள்ளும் புதிய ஏரி ஒன்றும் திறக்கப்பட்டது.

இத்தனை இருந்தும், எங்கள் தெருவில் பொழுது விடிந்ததும் கேட்கும் முதற் சத்தம் கோவில் மணி அல்ல. இருபது லிட்டர் கேன்களைச் சுமந்து வரும் வண்டியின் சத்தந்தான்! ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு தண்ணீரை விலைக்கு வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றினால் நேயர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

நிலத்தடி ஜலம் கெட்ட கதையை மீஞ்சூர்ப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆரணியாறும் கொசஸ்தலையும் பாயும் அந்தப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் கிணற்று நீர் இளநீர்போல் இருந்தது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயல்களுக்குமாகப் பூமியிலிருந்து வரம்பின்றி இறைத்தோம். உள்ளே நல்ல தண்ணீர் குறையக் குறைய, அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கடல் நீர் நுழைந்தது. கடலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருந்த கிணறுகளும் உப்புக் கரித்தன. 2010-இல் அதே மீஞ்சூருக்கருகே, காட்டுப்பள்ளியில், கடல் நீரிலிருந்து தினம் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது. கடலை நாமே கிணற்றுக்குள் அழைத்துவிட்டு, பிறகு கடலையே காய்ச்சிக் குடிக்காத குறையாக ஆலை கட்டிய நம் சாமர்த்தியத்தை என்னவென்பது!

இந்த உப்புப் பயத்தை வைத்துப் பிழைக்கிறவர்களும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர் ஒருவர், சுத்திகரிப்பு யந்திரம் விற்க வந்தார். எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரிலும், தாம் கொண்டுவந்த தண்ணீரை மற்றொன்றிலும் ஊற்றி, இரண்டிலும் கம்பிகளை அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்தினார். எங்கள் தண்ணீர் இரண்டே நிமிஷத்தில் சாக்கடை போலப் பழுப்பாகிவிட்டது. அவருடையது ஸ்படிகம் மாதிரி நின்றது. "பார்த்தீர்களா அம்மா, நீங்கள் குடிக்கிற அழுக்கை!" என்றார். என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் ரஸாயனம் போதிக்கிறவன். சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து அவருடைய தம்ளரில் போட்டு, "இப்போது கம்பியை வையும், தம்பி" என்றேன். அதுவும் பழுப்பாகிவிட்டது! விஷயம் இதுதான்: கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புக் கலந்த நீரில் மின்சாரம் பாயும். இரும்பு கரைந்து துருவாகும். உப்பே இல்லாத நீரில் மின்சாரம் பாய்வது அரிது. துரு வந்தது கம்பியிலிருந்தே அன்றி எங்கள் குழாயிலிருந்து அல்ல. இளைஞர் பெட்டியை மூடிக்கொண்டு போனார். நான் ஒரு வாரம் இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மூன்று மாதம் கழித்து என் இளைய மகனுக்கு மஞ்சட்காமாலை கண்டது.

வைத்தியர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "உங்கள் வீட்டில் பூமிக்கடியில் தொட்டி இருக்கிறதா? கடைசியாக எப்போது கழுவினீர்கள்?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்தேன். தெருச் சாக்கடை ஓரத்துச் சுவரில், முழ நீளத்துக்கு ஒரு விரிசல். கேன் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பல் துலக்கவும், காய்கறி கழுவவும், மோர் கரைக்கவும் அந்தத் தொட்டி ஜலத்தையே உபயோகித்து வந்தோம். பார்வைக்கு அது தெளிவாகவே இருந்தது. நாக்கிலும் ஒரு குற்றமில்லை. உப்பை அளக்கும் பேனாக் கருவி 400 என்று காட்டியது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லதுதானே! ஆனால் அந்தக் கருவி கரைந்த உப்பை அளக்குமே தவிர, கிருமியைக் காட்டாது. ஊரை ஏமாற்ற வந்தவனை மடக்கிய எனக்கு இந்தச் சிறு விஷயம் எட்டவில்லை.

கிருமியைக் காட்டும் எளிய முறை ஒன்றை நம் நாட்டு விஞ்ஞானிகளே 1982-இல் வெளியிட்டார்கள். மருந்திட்ட சிறு குப்பியில் தண்ணீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கழிவு கலந்திருக்குமானால் பெரும்பாலும் கறுத்துவிடும். எங்கள் குப்பி ஒரே இரவில் கறுத்துவிட்டது.

தொட்டியை இறைத்து, விரிசலை அடைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவினோம். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அது நடக்கிறது. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் புதிய பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விடுகிறோம். பொட்டலத்தைத் திறந்து போட்டு வைத்தால் காரம் போய்விடும். பழைய பவுடர் வெறும் சுண்ணாம்புதான். குடிக்கிற நீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றுகிறோம். கொதித்தால் கிருமி சாகும். உப்புப் போகாது, சற்று அதிகமாகவும் செய்யும். உப்பு மிகுந்த வீடுகளுக்குச் சுத்திகரிப்பு யந்திரம் அவசியந்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு குடம் கொடுப்பதற்குப் பெரும்பாலும் ஒரு குடத்துக்கு மேலேயே வெளியே தள்ளுகிறது. அதைச் சாக்கடையில் விடாமல் தரை துடைக்க எடுத்துவைக்கலாமே!

பையன் ஆறு வாரத்தில் எழுந்து நடமாடினான். இழந்த வகுப்புப் பாடங்களை நானே இரவில் சொல்லிக் கொடுத்தேன். குப்பிப் பரிசோதனையை என் மாணவர்களும் கற்றுக்கொண்டு, எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகளில் செய்து பார்த்தார்கள். ஐந்து குப்பிகள் கறுத்தன. அவற்றில் ஒன்று, தெருவிலேயே விலையுயர்ந்த யந்திரம் வைத்திருப்பவரின் வீட்டுக் கொல்லைக் குழாயினுடையது.

சென்ற மாதம் வேறொரு கழுத்துப்பட்டைக்காரர் கம்பிகளுடன் தெருவுக்குள் வந்தார். பக்கத்து வீட்டில் நுழைந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். மதில் சுவருக்கு மேல் அந்த வீட்டு மாமியின் தலை தெரிந்தது.

"ஸார், உப்பு எத்தனை சிட்டிகை போடவேண்டும்?"