குவில்ட் தைக்கப் பழகினேன்: 22 மில்லிமீட்டர் எங்கே போச்சு?

நான் முதன்முதலில் தைத்த ஒட்டுத்துணி விரிப்பு சதுரமாக வரவில்லை. மேல்வரிசை நீளம் 60 செ.மீ., கீழ்வரிசை 57.8 செ.மீ. அட்டையில் அச்சு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அளந்துதான் வெட்டியிருந்தேன். அப்புறம் எப்படி 22 மி.மீ. காணாமல் போகும்?

நல்லவேளை, அது கட்பீஸ் துணியில் செய்த பயிற்சி. உண்மையில் நான் வெட்ட நினைத்தது வேறு. ஆயாவின் நூல் சேலைகள் இரண்டை அடுக்கி, நான் பிறந்தபோது அம்மா கையாலேயே தைத்த போர்வை ஒன்று வீட்டில் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது, பல இடத்தில் இற்றுப்போய்விட்டது. அதிலிருந்து நல்ல பகுதிகளை மட்டும் சதுரம் சதுரமாக வெட்டி, புதுசாக ஒரு குவில்ட் செய்துவிடலாம் என்று வீடியோ பார்த்துத் திட்டம் போட்டிருந்தேன். வெட்டினால் திரும்ப ஒட்டாது என்கிற பயத்தில்தான் முதலில் வேறு துணியில் பழகிப் பார்த்தேன்.

குவில்ட் என்றதும் எல்லாரும் ஒட்டுத்துணியைத்தான் நினைக்கிறோம். அது பாதி வேலைதான். மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி. இந்த மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் குவில்ட். அந்தத் தையல் இல்லாவிட்டால் இரண்டு சலவையில் பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். நம்ம ஊர் மெத்தைக்காரர் இலவம்பஞ்சை அடைத்துவிட்டு, ஆங்காங்கே நூலை இழுத்து முடிச்சுப் போடுவாரே, அதே காரணம்தான். நம்ம வெயிலுக்குப் பஞ்சு தேவையே இல்லை. பழைய சேலை இரண்டு மடிப்பு போதும். மடிப்புகளுக்கு நடுவே நிற்கும் காற்றே மார்கழிக் குளிரைத் தாங்கும்.

சரி, 22 மி.மீ. கணக்குக்கு வருவோம். ஒட்டுத்துணி வேலையில் ஒவ்வொரு இணைப்பிலும் ஓரத்தில் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ., விட்டுத் தைக்க வேண்டும். மேல்வரிசையில் சாக்பீஸால் கோடு போட்டுத் தைத்தேன். கை பழகிவிட்டது என்கிற தைரியத்தில் கீழ்வரிசைகளில் கோடு போடாமல், மெஷினின் பாத விளிம்பையே அளவாக வைத்துக்கொண்டேன். பிற்பாடு அளந்து பார்த்தால், ஊசிக்கும் அந்த விளிம்புக்கும் இடையே 7.3 மி.மீ. சொச்சம். சுமார் 1 மி.மீ. அதிகம். அந்த 1 மி.மீ. இணைப்பின் இரண்டு பக்கத் துண்டிலும் குறையும், ஆக 2 மி.மீ. ஒரு வரிசையில் 12 துண்டு, 11 இணைப்பு. 22 மி.மீ.!

நான் இருக்கும் சேரப்பணஞ்சேரியில் இதைப் புரியவைப்பது சுலபம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஷிஃப்ட் பஸ்ஸில் போகிற யாரைக் கேட்டாலும் டாலரன்ஸ் என்றால் என்னவென்று சொல்வார்கள். தனித்தனியாக எல்லாப் பாகமும் 'ஓகே', ஆனால் வரிசையாக மாட்டினால் கடைசி போல்ட் ஓட்டையில் இறங்காது. பிழை கூடியும் குறைந்தும் மாறி மாறி வந்தால் கொஞ்சமாவது ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். என்னுடையது எப்போதும் ஒரே திசையில் வந்த பிழை, அதனால் சேர்ந்துகொண்டே போனது.

இதைத் தைப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து, இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் தெரிய வேண்டும். குறைந்தால் நீங்கள் அதிகமாக விட்டுத் தைக்கிறீர்கள் என்று அர்த்தம். தொடங்குகிறவர்கள் துணி வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் செய்யலாம்.

அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "போர்வைக்கு எதுக்குடா இத்தனை ஸ்கேலு?" என்றார். அவர் அளந்ததே இல்லையாம். அது எப்படி முடியும் என்று தேடப் போய்த்தான் கவந்தி கிடைத்தது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹலியால், முண்டகோடு பக்கம் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். பல தலைமுறைக்கு முன்பு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைதான் கவந்தி. ஒரு பழைய சேலையைத் தரையில் விரித்து, ஒரு மூலையில் ஆரம்பிப்பார்கள். கிழிந்த துணியில் நல்ல துண்டை எடுத்து, ஓரத்தை உள்ளே மடக்கி, நேராக அடித்துணி மேலேயே வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவார்கள். அடுத்த துண்டு இதன் ஓரத்தை மூடிக்கொண்டு உட்காரும். ஓரத்தைச் சுற்றி வந்து, வரிசை வரிசையாக உள்நோக்கி நகர்ந்து, நடுவில் முடியும். ஒட்டுவதும் குவில்ட் தையலும் இங்கே ஒரே வேலை. கடைசியில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள், அதற்குப் பேர் 'பூலா', பூ. அது இல்லாத போர்வையை அம்மணம் என்பார்களாம்.

இதில் எனக்குப் பிடித்தது அழகைவிட அதன் தர்க்கம். ஒரு துண்டு 5 மி.மீ. சின்னதாகிவிட்டால் அடுத்த துண்டைக் கொஞ்சம் தள்ளி ஏற்றி வைத்தால் போச்சு. பிழை அடுத்த துண்டுக்குக் கடத்தப்படுவதில்லை. தையலே தெரியாதவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மெஷின் வேண்டாம், ஒரே அளவுத் துண்டு வேண்டாம்.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்கிற ஊரில் கறுப்பினப் பெண்களும் இதுபோல உழைத்துத் தேய்ந்த வேலைத் துணிகளில் குவில்ட் தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவற்றுக்குக் கண்காட்சியே நடந்தது. முறை வேறு, ஆனால் தேய்ந்த துணிதான் அங்கேயும் மூலப்பொருள். நம் 'கந்தை'யும் வங்காளத்தின் 'காந்தா'வும்கூட ஒரே சொல்தான், சமஸ்கிருத 'கந்தா'விலிருந்து வந்தவை. அவர்களுக்கு அது கைவினைப் பெயராக நின்றது, நமக்குக் கிழிசலாகிவிட்டது.

ஆக, போர்வையை நான் வெட்டவில்லை. அதையே அடித்துணியாக வைத்து, இற்ற இடங்களின் மேல் துண்டு ஏற்றித் தைக்கிறேன். பனியன் துணி வேண்டாம், இழுபடும். புதுத் துணியென்றால் துவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுருங்கினாலும் சாயம் போனாலும் அப்போதே தெரிந்துவிடும். தையல் நீளம் முதல் நாள் பல்லிளிக்கும், விட்டுவிடுங்கள். ஒரே சீராக வருவதுதான் முக்கியம், பொடித்தையல் தானாக வரும். நடுவிரலில் உலோகத் தொப்பி மாட்டாமல் உட்காராதீர்கள்.

பிழை கடத்தப்படாது என்றேன், அது துண்டுகளுக்குத்தான். ஓரத்தை முதலில் தைத்து இறுக்கிவிடுவதால் அடித்துணியின் தொய்வெல்லாம் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்து சேர்கிறது. வளையத்தில் மாட்டித் தைக்கும் மேல்நாட்டு முறையில் நடுவிலிருந்து வெளியே போவது இதனால்தான். இப்போது எனக்கு நடுவில் இரண்டு உள்ளங்கை அளவு பாக்கி, அங்கே துணி லேசாகப் புடைத்து நிற்கிறது. அம்மாவுக்கு இப்போது ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியாது. விரலால் தடவிப் பார்த்து, "அந்தப் புடைப்புல ஒரு மடிப்பு வச்சு, மேல துண்டு போட்டு மூடிடு" என்கிறார். அவர் தைத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சரியாக நடுவில், நாற்பது வருஷமாக யாரும் கவனிக்காமல், ஒரு மடிப்பு இருக்கிறது.