350 மீட்டர் தூரமா?

தோ பாயோவில் இருந்தவரை என் பாட்டிக்குச் சந்தைக்குப் போவது ஒரு வேலையே இல்லை. காலை ஆறரை மணிக்குத் துணிப்பையோடு மின்தூக்கியில் இறங்குவார். இரண்டு புளோக்குகளின் கீழ்த்தளம் வழியாக நடந்து, கூரையுள்ள நடைபாதையில் ஏறி, ஒரு சிறிய சாலையைக் கடந்தால் ஈரச்சந்தை. மீன், கீரை, காப்பிக்கடையில் ஒரு தே ஓ. வழியில் மூன்று பேரிடமாவது நின்று பேசிவிட்டு எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

தாத்தா தவறிய பிறகு பாட்டி எங்களோடு வந்து தங்கினார். எங்கள் பேட்டை புதியது, பளிச்சென்று இருக்கும். சந்தை 350 மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கைப்பேசி வரைபடம் காட்டுகிறது. தோ பாயோவில் அவர் நடந்த வழியை அதே வரைபடத்தில் அளந்து பார்த்தேன்: கிட்டத்தட்ட 500 மீட்டர். ஆக, இப்போது சந்தை இன்னும் பக்கம். ஆனாலும் மூன்றே வாரத்தில் பாட்டி போவதை நிறுத்திவிட்டார். அம்மா இணையத்தில் காய்கறி வாங்க ஆரம்பித்தார்.

“தூரமா இருக்கா பாட்டி?” என்று கேட்டேன்.

“தூரம் இல்லடா. ரோடுதான்.”

எங்கள் புளோக்குக்கும் சந்தைக்கும் இடையே ஆறு தடச் சாலை ஒன்று ஓடுகிறது. அடுத்த சனிக்கிழமை அவரோடு நடந்து நேரம் பார்த்தேன். சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக எனக்கு 17 விநாடி பிடித்தது. பாட்டிக்கு 34. பச்சை மனிதன் தோன்றி, மின்னி, மறைய 24 விநாடிதான். நடுவிலுள்ள தடுப்புத் திட்டில், வெயிலில், இரு பக்கமும் லாரிகள் விரைய நின்று அடுத்த பச்சைக்காகக் காத்திருக்க வேண்டும். எனக்கே அங்கு நிற்கப் பிடிக்கவில்லை.

ஒரு பேட்டையில் நடக்க முடியுமா என்ற கேள்விக்கு நகரத் திட்டமிடுவோர் முதலில் சொல்லும் எண் 400 மீட்டர். சாதாரணமாக நடப்பவருக்கு ஐந்து நிமிடம். இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 1920களில் நியூயார்க்கில் கார்கள் பெருகியபோது, தெருவில் நடந்த பிள்ளைகள் பலர் அடிபட்டு இறந்தார்கள். கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் 1929ல் ‘அக்கம்பக்க அலகு’ என்ற திட்டத்தை வெளியிட்டார். நடுவில் ஒரு தொடக்கப்பள்ளி. அதைச் சுற்றி ஏறக்குறைய 160 ஏக்கரில் வீடுகள். எந்தப் பிள்ளையும் கால் மைலுக்குமேல், அதாவது சுமார் 400 மீட்டருக்குமேல் நடக்கவோ பெரிய சாலையைக் கடக்கவோ வேண்டாம். உள்ளே இருக்கும் தெருக்கள் வளைந்து நெளிந்து போகும். குறுக்கு வழி தேடும் கார்கள் நுழைய மாட்டா. பெரிய சாலைகள் அனைத்தும் அலகின் எல்லையில்.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். ஒரு பேட்டைக்குள் பிள்ளைகளைக் காப்பாற்றிய அதே யோசனை, பேட்டைகளுக்கு இடையே ஆறுகளைப்போல் சாலைகளை ஓடவிட்டது. உங்களுக்கு வேண்டியதெல்லாம் உங்கள் கரையிலேயே இருந்தால் சிக்கல் இல்லை. பாட்டியின் சந்தை எதிர்க்கரையில் இருக்கிறது.

பெர்ரியின் யோசனை பிரிட்டன் வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தது. குவீன்ஸ்டவுனில் முதலில் முயன்று பார்த்தார்கள். 1960ல் தொடங்கப்பட்ட வீவக, தானே முழுமையாகத் திட்டமிட்ட முதல் நகரம் தோ பாயோ. 1960களின் நடுவில் அங்கு கட்டுமானம் தொடங்கியது. நகர மையத்தில் கார்கள் நுழையாத கடைத்தெருவை அமைத்தார்கள். நூலகம், திரையரங்கு, கடைகள் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. 1973ல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளுக்கு வந்த விளையாட்டாளர்கள் தங்கியதும் இந்த நகர மையத்தில் இருந்த புத்தம்புதிய வீவக புளோக்குகளில்தான். பாட்டி அதை இன்றும் பெருமையாகச் சொல்வார், ஏதோ அவரே வீட்டைக் காலி செய்து கொடுத்ததுபோல.

பிறகு வந்த நகரங்களில் இந்த அமைப்பு இன்னும் தெளிவானது. நடுவில் நகர மையம். அதைச் சுற்றிப் பல அக்கம்பக்கங்கள். ஒவ்வோர் அக்கம்பக்கத்திலும் 4,000 முதல் 6,000 வீடுகள், அவற்றுக்கென்று சந்தை, உணவங்காடி, கடைகள். 1970களின் இறுதியிலிருந்து அதையும் பிரித்து, 400 முதல் 800 வீடுகள் ஒரு முற்றத்தைச் சுற்றி அமையும்படி கட்டினார்கள். ஒரே விளையாட்டுத் திடலையும் ஒரே நடைபாதையையும் பயன்படுத்துவோர் ஒருவர் முகத்தை மற்றவர் அறிவார்கள் என்பது கணக்கு. வீவக தலைமை நிர்வாகியாக 1979 முதல் 1989 வரை இருந்த லியூ தாய் கெர் இந்தப் பணிகளில் முக்கியமானவர். சென்ற 2025 ஜனவரியில் காலமானார். பள்ளியில் புவியியல் படிக்கும்போது நாம் மனப்பாடம் செய்யும் அந்தப் படிநிலை வரைபடம், உண்மையில் யாரோ ஒருவர் எத்தனை நிமிடம் நடப்பார் என்ற கணக்கிலிருந்து பிறந்தது.

தூரம் மட்டும் போதாது என்பது நம் வெயிலில் நடந்தவர்களுக்குத் தெரியும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடமும் ஐந்து நிமிடமல்ல. ராஃபிள்ஸ் 1822லேயே, கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட, தொடர்ச்சியான, எந்நேரமும் திறந்திருக்கும் நடைவழி இருக்க வேண்டும் என்று விதித்தார். சிராங்கூன் சாலையிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் பூமாலைக் கடைகளையும் மளிகைக் கடைகளையும் ஒட்டி நாம் நடக்கும் ஐந்தடிப் பாதைகள் அந்த விதியின் பிள்ளைகள். அடைமழையில் தேக்கா சந்தையிலிருந்து கிளம்பி, பாதித் தூரம் நனையாமல் நடந்தவர்கள் அவருக்கு நன்றி சொல்லலாம். (பாதையை அடைத்துக்கொண்டு கடைக்காரர்கள் அடுக்கும் வெங்காய மூட்டைகளுக்கு அவர் பொறுப்பல்ல.)

அதன் பேரப்பிள்ளைதான் இன்றைய கூரையுள்ள நடைபாதை. நிலப் போக்குவரத்து ஆணையம் 2013ல் அறிவித்த திட்டத்தின்கீழ், எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள், மருந்தகங்கள் போன்ற இடங்களுக்குக் கூரை நீண்டது. 2018க்குள் 200 கிலோமீட்டருக்குமேல் கட்டி முடித்தார்கள். கவனித்திருப்பீர்கள், இந்தக் கூரைகள் பெரும்பாலும் நிலையத்தை நோக்கியே ஓடுகின்றன. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு அது சரி. பாட்டி எங்கே எம்ஆர்டியில் போகிறார்? அவருடைய பயணங்கள் சந்தைக்கு, கோயிலுக்கு, பலதுறை மருந்தகத்துக்கு, பக்கத்து புளோக்கிலிருக்கும் தோழி வீட்டுக்கு.

இப்போது வளர்ந்துவரும் தெங்கா நகரைப் பாருங்கள். 2016ல் அறிவிக்கப்பட்ட அதில், சுமார் 700 ஹெக்டரில் 42,000 வீடுகள் வரவிருக்கின்றன. நகர மையத்தில் சாலைகள் தரைக்குக் கீழே போகும். மேலே மனிதர்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மட்டுமே. 100 மீட்டர் அகலத்தில், 5 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டுப் பாதை ஒன்றும் உண்டு. தாளில் பார்க்க அழகுதான். ஆனால் புது நகரங்களில் எப்போதும் ஒரு வரிசை உண்டு: முதலில் வீடு, பிறகு கடை. 2023ல் முதல் குடும்பங்கள் அங்கு சாவி பெற்றபோது, சாமான் வாங்கப் பக்கத்து நகரங்களுக்குப் பேருந்தில் போனார்கள். நடக்க ஏற்ற பாதை இருந்தால் போதாது, நடந்து போய்ச் சேர ஓர் இடமும் வேண்டுமே. அதிலும், முதல் ஆண்டில் கார் வாங்கிப் பழகிய குடும்பம் பிறகு சந்தை திறந்ததும் காரை விட்டு இறங்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். ஆனால் தம் தெருவை ஜன்னல் வழியாக நாள்தோறும் கவனித்தவர். கடையும் வீடும் கலந்து, எந்நேரமும் யாராவது நடமாடும் தெருதான் பாதுகாப்பானது என்று வாதிட்டார். நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள் அவருடைய வாதத்துக்கு நல்ல சாட்சி.

பழைய பேட்டைகளில் வேறு வகையான வேலை நடக்கிறது. அங்கு சாலை ஏற்கெனவே இருக்கிறது. அதை எப்படி அடக்குவது என்பதே கேள்வி. 2014 முதல் மூத்தோர் அதிகமுள்ள இடங்களில் சாலையைக் குறுக்கி, வளைத்து, வேகத்தைக் குறைத்து வெள்ளி வட்டாரங்களை அமைக்கிறார்கள். 2023ல் தோ பாயோ, அங் மோ கியோ, தெம்பனிஸ் உள்ளிட்ட ஐந்து இடங்களில் பாதசாரிகளுக்கு முன்னுரிமை தரும் வீதிகளுக்கான முன்னோடித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலை முதல், அருகிலேயே சைக்கிள் பாதை இருந்தால், பாதசாரிகளுக்கு மட்டுமான பாதையில் சைக்கிள் ஓட்டுவது குற்றம். கார் ஓட்டுபவர்களுக்கு இவை எரிச்சலூட்டலாம். ஒரு சந்திப்பில் அவர்கள் இழக்கும் பத்து விநாடி, இன்னொருவருக்கு வெளியே போவதா வேண்டாமா என்ற முடிவு.

இந்தக் கட்டுரைக்காகப் பேட்டையைச் சுற்றி நடந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் புளோக்கிலிருந்து எதிர்ப்பக்கம் திரும்பினால், மருந்தகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சாலைக்கடப்பு இருக்கிறது. அங்குள்ள கம்பத்தில் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை நேரம் நீளும். 2009ல் அறிமுகமான வசதி. இடத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை கூடும். அந்த வழியில் சந்தைக்கு 620 மீட்டர். கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் பெரும்பகுதி புளோக்குகளின் கீழ்த்தளம். இரண்டு இடங்களில் உட்கார பெஞ்சு.

சென்ற சனிக்கிழமை பாட்டியை அந்த வழியாக அழைத்துப் போனேன். அட்டையைத் தட்டியதும் 35 விநாடி கிடைத்தது. அவர் அந்தப் பக்கம் கால் வைத்தபோது ஒரு விநாடி மிச்சம். திரும்பி வரும்போது முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த மலாய்ப் பாட்டி ஒருவரிடம் கங்கோங் விலை ஏறியதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். வெயில் ஏறிவிட்டது, வாங்க என்றேன். “நீ முன்னாடி போ, எனக்கு வழி தெரியும்” என்றார்.