பானையின் சிவப்பு: மண்ணா, பெயின்ட்டா?

பொங்கலுக்குப் பானையும் கார்த்திகைக்கு அகலும் மளிகைக் கடை வாசலில் அடுக்கி விற்பது நம்மவர்களின் வழக்கம். பார்வைக்கு எல்லாம் ஒரே சிவப்பு. அந்தச் சிவப்பு எதனால் வந்தது என்று அறிந்து வாங்கினால்தான் நம் கடைக்குப் பேர் நிற்கும்.

முறையான பூச்சு மண்ணேதான். இரும்புச் சத்துள்ள செம்மண்ணை நீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியபின் வடிகட்டி, குழம்பாக எடுப்பார்கள். பானை முழுக்கக் காயுமுன் அதைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிச் சூளையில் அடுக்குவார்கள். பூச்சும் பானையும் சேர்ந்தே வெந்து ஒன்றாகிவிடும். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த செம்பூச்சுப் பானை ஓடுகள் 2000 ஆண்டு கடந்தும் நிறம் காட்டுகின்றன.

சுட்டபின் தடவிய காவியோ கழுவினால் கரையும். எனாமல் பெயின்ட் அடுப்பில் ஏறியதும் நாற்றமெடுத்து உரியும். அது அலங்காரத்துக்கு ஆகும், சமையலுக்கு ஆகாது.

எனவே சரக்கு இறக்கும்போதே ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். நிறம் ஒட்டக் கூடாது. நகத்தால் கீறினால் ஏடாக உரியக் கூடாது. விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பெயின்ட் அடித்ததை வாங்கினாலும் தனியே அடுக்கி, சமையலுக்கு அல்ல என்று வாடிக்கையாளரிடம் சொல்லியே விற்க வேண்டும்.

இன்னொன்று. பூசித் தேய்த்து மெருகேற்ற நேரம் பிடிக்கும். நாம் அடிமாட்டு விலைக்குக் கேட்டால், தொழிலாளி பெயின்ட் டப்பாவைத்தான் எடுப்பார். பானைக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடுப்போம். வாங்கியவர் அடுத்த பொங்கலுக்கும் நம் கடைக்கே வருவார்.